காயாத பின்னல்

பொன்முடி மலையிலிருந்து திரும்பிய பிறகு சூடாமணியின் தலைமுடி காயவேயில்லை. துண்டால் துவட்டி, முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, சீதாலக்ஷ்மி செய்துபார்க்காதது ஒன்றும் பாக்கியில்லை. பின்னலைக் கையில் எடுத்தால் அப்போதுதான் குளத்திலிருந்து ஏறிவந்ததுபோல் ஈரம். மூக்கருகே கொண்டுபோனால் பாசியும் மழைப் பாறையும் கலந்த ஒரு மணம். அவர்கள் குடியிருந்த கோட்டைக்குள் எந்த வீட்டுக் குழந்தைமீதும் அப்படி ஒரு மணம் வீசியதில்லை.

"என்ன தணுப்புடி உனக்கு, கொழந்தே? குளிர்றதா?"

"ஒண்ணுமில்லேம்மா."

எட்டு வயசுப் பெண். முன்னெல்லாம் சீப்பு தலையில் பட்டாலே ஊரைக் கூட்டுவாள். இப்போது சிக்கை எப்படி இழுத்தாலும் ஒரு முனகல் கிடையாது. சீதாலக்ஷ்மி சீப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

எல்லாம் அவள் புருஷன் நாகேஸ்வரனின் பைத்தியத்தால் வந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு ஸ்டுடியோ. வியாபாரிகளை நாற்காலியில் விறைப்பாக உட்காரவைத்துப் படம் பிடிப்பது பிழைப்பு. மனசெல்லாம் மலையிலும் மூடுபனியிலும் கிடந்தது. பெரிய மலை, அதில் எறும்பாய் ஒரு மனுஷப் பிறவி, அதுதான் படம் என்பார். மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரன் முகத்தையே பார்த்திருப்பார். மலையில் நிற்க வேறு யார் அகப்படுவார்கள், பெற்ற பெண்ணைத் தவிர? "அசையாதே" என்று அப்பா சொல்லிவிட்டால், "ஆச்சு" என்று அவர் சொல்லும்வரை சூடாமணி அசையமாட்டாள். ஒருதரம் கட்டெறும்பு கடித்துக் கண்ணீர் வழிய வழிய நின்றாள். அதில் அந்த மனுஷருக்கு அப்படி ஒரு பெருமை!

அன்று தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறைமீது அவளை நிறுத்தி, "அசையாதே" என்று சொல்லி லென்ஸ் மூடியைத் திறந்தார். திறந்திருக்கும்போதே பனி இறங்கியது. மூடியைப் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. காமிராவைப் பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, "ஓடு சீதா, ஓடு!" என்று கத்தியபடி ஓடியவர், சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சீதாலக்ஷ்மிக்கும் அப்போது அது உறைக்கவில்லை. வெள்ளைவெளேரென்ற பனிக்குள் நின்று "சூடா! சூடா!" என்று கூப்பிட்டாள். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. அந்த முகத்தை அவள் பார்த்தது தோட்டத்து லாரியில் ஏறிய பிறகுதான்.

மழை விட்ட ஒரு காலையில் நாகேஸ்வரன் மலையில் எடுத்த படத்தின் கண்ணாடிப் பிளேட்டை ப்ரூஃப் காகிதத்தோடு மரச்சட்டத்தில் மாட்டி முற்றத்தில் வைத்தார். "பின்பலகையைப் பாதி தெறந்து பாத்துக்கோ. படம் எழுந்ததும் இருட்டுல எடுத்து வை, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். வெயில் பட்டால் படம் தானாக எழும் காகிதம் அது. மருந்தில் போட்டு நிறுத்தாவிட்டால், வெளிச்சம் படப்படக் கறுத்துக்கொண்டே போகும். படக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

படம் எழுந்தது. மலை, பனி, பாறை, பாறைமேல் சூடாமணி. அந்தப் பார்வை சீதாலக்ஷ்மிக்குத் தெரியும். கட்டெறும்பு கடித்த அன்று பார்த்த பார்வை. ஆச்சா அப்பா, இன்னும் ஆகலையா என்று கேட்கிற பார்வை.

நிமிர்ந்தாள். முற்றத்துத் தூணோரம் ஈரப் பின்னலோடு நின்றது இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னல் நுனியிலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாக நீர்.

என் குழந்தை இன்னும் அங்கேதான் நிற்கிறாள். நாம் கூட்டிவந்தது வேறு எதையோ.

சட்டத்தை முந்தானைக்குள் மறைத்து, காகிதத்தில் உதடு உரச, "ஆச்சுடி கண்ணே, வந்துடு" என்றாள்.

அந்த ப்ரூஃப் அவர் பார்த்துப் பார்த்தே கறுத்துப்போயிற்று. மறுநாள் கண்காட்சிக்கென்று இன்னொரு காகிதம் மாட்டி வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். கீழ்ப் பாதியைத் திறந்தாள். பாறைமேல் கால்கள் இல்லை. பாறைக்குக் கீழே, புல்லில் இருந்தன.

வருகிறாள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. அந்தக் காகிதத்தை மட்டும் உருவி, உள்ளறைப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் ஒளித்தாள்.

"சீதா, கொஞ்சம் சூடு வெள்ளம் கொண்டா" என்று கொல்லையிலிருந்து குரல் கேட்டது. வெந்நீர் குளிக்கத்தான் என்று நினைத்தாள். கொதிக்கக் கொதிக்க, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகுதான் அவர் மறுகையில் முற்றத்துப் பிளேட்டைப் பார்த்தாள்; அவள் உள்ளறையில் இருந்தபோது எடுத்து வந்திருக்கிறார்.

"அசைஞ்சுட்டாடி. நேத்து சரியாத்தான் இருந்தது, இன்னிக்கு உருவமே கலைஞ்சு கெடக்கு. எங்கண்ணுதான் பழுதோ என்னமோ. சாரமில்லை, போனாப் போறது, கண்ணாடியாவது மிஞ்சட்டும்."

"ஐயோ, ஊத்தாதேங்கோ!"

ஊற்றிவிட்டார். பிளேட்டிலிருந்து படம் பாலாடைபோல் சுருண்டு வழுக்கிச் சாக்கடையில் போயிற்று.

"அது நம்ம கொழந்தைன்னா! நம்ம சூடா!"

"என்னடி பேத்தறே? கொழந்தை தோ நிக்கறாளே" என்று அவளுக்குப் பின்னால் கைகாட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொட்டும் சத்தம் கேட்டது.

மிஞ்சியது பெட்டியில் இருந்த காகிதம் ஒன்றுதான். மருந்தில் போட்டால் கறுக்காது. ஆனால் குழந்தை நின்ற இடத்திலேயே நின்றுபோவாள், பிறகு ஓர் அடிகூட வரமாட்டாள். போடாவிட்டால், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் கறுக்கும். யாரைக் கேட்பாள்? எந்தச் சாமியிடம் முறையிடுவாள்? இருட்டிலேயே வந்து சேரட்டும் என்று விட்டாள்.

அவர் ஸ்டுடியோவுக்குக் கிளம்பியதும் உள்ளறைக்குள் புகுந்து தாழிட்டாள். ஜன்னலை அடைத்தாள். கதவிடுக்கில் பழம்புடவையைத் திணித்தாள். கைக்குக் கை தெரியாத இருட்டு. காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனசு கேட்காமல் ஜன்னலை ஒரு கீற்று திறந்தாள்.

புல்வெளியைக் கடந்துவிட்டாள். முகம் உள்ளங்கை அகலம். அம்மா என்று திறந்த வாய். ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு ஏறியிருந்தது.

சட்டென்று மூடினாள்.

"வா. வா கண்ணே. இன்னும் கொஞ்சந்தான்."

காகிதம் சரசரத்தது. தடவினாள். வழவழப்புக்குக் கீழே ஒரு விரல்நுனி அவள் விரலைத் தொட்டது.

சூடான விரல்.

அப்புறம் இன்னொன்று. ஐந்தும்.

சொட்.

தாழிட்ட அறை. அவளுக்குப் பின்னால்.

சொட். சொட்.

"என்னம்மா இருட்டு. கண்ணே தெரியல்லியே."

"தெறக்காதே! உன் கால்ல விழறேன், தெறக்காதே!"

ஈரமாக எதுவோ தோளை உரசிக்கொண்டு போயிற்று. பாசி மணம். ஜன்னல் தாழ் மெல்ல விலகும் சத்தம். ஒரு கதவு. மறு கதவு.

உச்சி வெயில் அப்படியே உள்ளே விழுந்தது.

இரண்டு சின்ன உள்ளங்கைகள் உள்ளிருந்து காகிதத்தில் அழுந்தியிருந்தன. நடுவே முகம். கைகளால் மூடினாள், முந்தானையால் மூடினாள், குப்புற விழுந்து மூடினாள். விரலிடுக்கில் வெயில். கன்னம் கறுத்தது. நெற்றி கறுத்தது. கடைசியாகக் கண்கள். விரலுக்கடியில் இருந்த சூடு குறைந்தது. வெறும் காகிதம். கன்னங்கரேல் என்று.

சீதாலக்ஷ்மி அந்தக் கறுப்பையே தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சும்மா" என்றது அது.

பிறகு எப்போதும்போல் முதுகைக் காட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னலை எடுத்து அவள் கையில் வைத்தது.

காய்ந்திருந்தது.