முனீரின் துப்பாக்கியில் இல்லாத துண்டு

மலாயாவின் குளுவாங் நகரில் மரியநாதனின் வீட்டுப் படியேறி வந்தபோது ஜெய்னம்புவுக்கு அழுகைகூடத் தீர்ந்து போயிருந்தது.

"மச்சானை நாளைக்கு ரயில்ல ஜோகூர் பாருவுக்குக் கொண்டு போறாங்க சார். கொலைக் கேசு ருசுவானா தூக்குதானாம். தம்பியும் போயிட்டான். இவரும் போயிட்டா நான் எங்க போவேன்?"

மச்சான் என்று அவள் சொன்னது கணவன் ருக்னுதீனை. ரப்பர் தோட்டத்து ஆலையில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவன். அவளுடைய தம்பி முனீர் தன் மரவள்ளிக் கொல்லையில் நெற்றியில் துளையோடு செத்துக் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய பழைய துப்பாக்கி. குழல் வாய் வழியே மருந்தைக் கெட்டித்து, பின்பக்கம் கேப்பு என்ற சிறு வெடிமூடியை வைத்துச் சுடும் வகை அது. மச்சானும் மைத்துனனும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அன்று காலை ருக்னுதீன் கொல்லைப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவனோ போகவே இல்லை என்று சாதிக்கிறான்.

"குண்டை எடுத்துப் பார்த்தாங்களா?" என்று கேட்டார் மரியநாதன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இல்ல சார். எங்கள்ல இறந்தவங்க மையத்தை ரொம்ப நேரம் வச்சிருக்க மாட்டோம். போலீஸ் வர்றதுக்குள்ள அடக்கம் ஆயிடுச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்தான் குண்டு பட்ட காயம்னு சொன்னாரு."

"அப்போ ஒளிஞ்சிருந்து சுட்டவனைத் தேடணும் லா," என்றான் ரோலண்ட். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன்; மரியநாதனின் நிழல். எதையும் முதலில் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு, சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனதும் சார்ஜன் மணியம் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"கேப்பை அடிக்கிற சுத்தி பின்னால இழுத்தபடியே இருக்கு பாருங்க. கொல்லையில மேய வந்த காட்டுப்பன்றிக்கு முனீர் குறி வச்சிருக்கான். அவன் சுடறதுக்குள்ள ருக்னுதீன் சுட்டுட்டான்."

மரியநாதன் ஈரத்துணியைக் குச்சியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது.

"சுடாத துப்பாக்கியில இவ்வளவு கரியா சார்ஜன்?"

"பழைய கரியா இருக்கும்."

"சரி. இதுல கேப்பை எது மேல வைப்பாங்க?"

சார்ஜன் குனிந்து பார்த்தார். கேப்பு உட்காரும் சிறிய இரும்புக் குமிழ் திருகியிருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. மரியநாதன் ஊசியால் அதைக் கிளறினார். கருகிய சணல் நார் கொஞ்சம் வந்தது.

"குமிழ் தேய்ஞ்சா புதுசு போடணும். அதோட மரை துப்பாக்கி மரையில கெட்டியாப் பிடிக்கணும். இது பிடிக்கல. மாத்தினவன் சணலைச் சுத்தி இறுக்கிட்டான். தண்ணிக்கு அது தாங்கும், வெடிமருந்துக்குத் தாங்காது. முனீர் சுட்டதும் குமிழ் பிச்சுக்கிட்டு, சுத்தியைப் பின்னால தள்ளிட்டு, கன்னத்தை ஒட்டிக் குறி பார்த்தவன் நெத்தியில பாய்ஞ்சிருக்கு. வேற துப்பாக்கியே கிடையாது. இது கொலை இல்ல."

"சணல் சுத்துறது குழாய் வேலை பாக்குறவங்க..." என்று ஆரம்பித்த ரோலண்ட் ஜெய்னம்புவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஒருமுறை சரியாகச் சொன்னான், அதற்காக வருத்தப்பட்டான்.

கம்பிக்குப் பின்னால் ருக்னுதீன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"ஏன்ப்பா சொல்லாம இருந்தே?" என்று கேட்டார் மரியநாதன்.

"இவளை வெளிய போகச் சொல்லுங்க சார்."

அவள் நகரவில்லை.

"தம்பி துப்பாக்கியைக் கொண்டு வந்து, சரி பண்ணிக் குடுங்க, பகை தீர்ந்துடும்னு இவதான் கெஞ்சினா. காலையில கொண்டு போய்க் குடுத்தேன். என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான் சார். திரும்பி வர்றப்ப வெடிச் சத்தம் கேட்டு ஓடினேன். பார்த்ததுமே புரிஞ்சு போச்சு. நான் கொல்லைக்குப் போனதை வெளிய சொல்லாதேன்னு மட்டும் இவகிட்ட சொன்னேன். துப்பாக்கி வெடிச்ச விதத்தைச் சொன்னா, தம்பி தன்னாலதான் செத்தான்னு சாகுற வரைக்கும் நெனைப்பா. அதுக்கு நான் தூக்குல போறது தேவலன்னு தோணுச்சு."

மரியநாதனுக்குக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் துளியும் இல்லை. சார்ஜன்தான் பேசினார்.

"வாயால சொன்னா கோர்ட்டு நம்பாது. கபுர்க் குழியைத் தோண்டி, தலைக்குள்ள இருக்கிற அந்த இரும்பை எடுக்கணும். சொந்தக்காரங்க சம்மதம் இருந்தா இன்னைக்கே போலீஸ் பெரிய துரைகிட்ட உத்தரவு கேட்கிறேன்."

"வேணாம். அவனைத் தொடாதீங்க," என்றான் ருக்னுதீன்.

ஜெய்னம்பு கம்பிக்கு அருகில் போனாள். பிறகு கம்பிக்குள் கையை விட்டுக் கணவனின் சட்டையைப் பற்றினாள்.

"தோண்டச் சொல்லுங்க சார். அவன்கூடப் பொறந்தவ நான் சொல்றேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "உங்களை அனுப்பினது நான்தானே மச்சான். நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."