பதின்மூன்றாம் மணியைக் காணவில்லை

அலறல்!

செவ்வாய்க்கிழமை காலை. ஏழாம் குளிர்கிடங்கின் கதவைத் திறந்தவன்தான் அலறினான்.

சூரை மீன்களுக்கு நடுவே மேலாளர் வில்லரூஸ். புருவத்தில் பனி. பின்மண்டையில் ரத்தம்... அதுவும் கட்டியாக.

உறைந்த உடலில் இறந்த நேரம் தெரியாது. ஆனால் கதவுக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊழியரின் அட்டை அதைத் தொட்டாலும் நேரத்தோடு கணினியில் பதியும்.

திங்கள், 02:10. இரவுக் காவலாளி நெஸ்டரின் அட்டை!

மதியமே நெஸ்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். நாலு மணிக்குக் கோர்ட்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் லீசெல் வாசலில் நின்றாள். தினமும் காலையில் அவளுக்கென்று ஒரு பான்டெசால் ரொட்டி எடுத்து வைப்பவர் நெஸ்டர்.

"நான் அந்தப் பக்கமே போகல. உன் மெஷின்கிட்டயே கேளும்மா."

கேட்டாள்.

பதிவை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பதின்மூன்று மணி இல்லை. பதினான்கு இல்லை. பன்னிரண்டைத் தாண்டி ஒன்றுமே இல்லை!

ஞாயிறு மாலை கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றியது யார்?

அவளேதான்.

நேரம் கேட்கும் கட்டளையைத் தட்டினாள். போன வாரம் வரை 14:52 என்று சொல்லியிருக்கும். இன்று 02:52 என்றது. பக்கத்தில் 'பி.எம்.'

அவள் எழுதிய நிரல் எண்களை மட்டும் வெட்டி எடுத்துப் பதிவில் போடும். பி.எம். அங்கேயே விழுந்துவிடும்...

மேலாளர் அறைக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் பாடிலியாவும் துணை மேலாளர் ரோமெலும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

ரோமெல் சிரித்தார். "சொதப்பினதே இவதான் சார். இவ மெஷின் பொய் சொல்லுதுன்னு இவளே சொல்றா."

"தப்பு என்னோடதுதான் சார். வேலை போனா போகட்டும்." லீசெல் தரையைப் பார்த்தாள். "ஆனா அந்த 02:10, திங்கக்கிழமை காலைப் பதிவுகளுக்குக் கீழேதான் இருக்கு. அப்போ மதியம்தான். திங்கக்கிழமை மதியம் ரெண்டு பத்துக்கு நெஸ்டர் அண்ணன் அட்டை யார்கிட்ட இருந்துச்சு?"

பாடிலியா ஃபைலைப் புரட்டினார். காலையில் ரோமெல் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். நிதானமாகப் படித்தார்.

'காலை ஆறு மணிக்கு நெஸ்டரிடம் அட்டையை வாங்கினேன். மாலை ஆறு வரை என் சட்டைப்பையில்தான் இருந்தது. திருவிழா விடுமுறை. பகல் முழுக்க நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை.'

பாடிலியா ஃபைலை மூடினார்.

நெஸ்டர் அட்டையைத் திருப்பித் தரவே இல்லை என்று சொல்லத்தான் ரோமெல் முதலில் நினைத்திருந்தார். பதிவில் 02:10 என்று பார்த்ததும் பேராசை! நெஸ்டரை நள்ளிரவோடு இறுக்கிக் கட்டுவதற்காக, பகல் முழுவதையும் தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வில்லரூஸ் உங்களை வேலையை விட்டுத் தூக்கப் போறார்னு காலையிலயே கேள்விப்பட்டேன்" என்றார் பாடிலியா. "நேரம்தான் இடிச்சது."

ரோமெல் காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "அது... பொய் சொல்ற மெஷின் சார்..."

லீசெல் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய் சொல்லல சார். பாதிதான் சொல்லுச்சு. மீதியை நீங்க கையெழுத்துப் போட்டே குடுத்துட்டீங்க."