முதுகுக்கு இது போதும்

மழை இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மீட்டர்காரனும் அவன் தங்கையும் அந்தக் கடைக்குள் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், கடை தரைக்குக் கீழே இருந்தது. மேலே டயர் விற்றார்கள். கீழே பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட். படிக்கட்டில் ஈரச் சுவரின் வாடை. உள்ளே புதுத் துணியும் ரப்பரும் மணத்தன. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை இருந்தது, வெயிலில் இளகிய தார் வாசனை.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிப்பது அவன் வேலை. நாள் முழுக்க பைக்தான் கதி. தங்கைக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு சாம்பிள் பெட்டிகளை பைக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கிடைத்து, மறுநாள் காலை சேர வேண்டும். ஜாக்கெட் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். "நான் இருக்கேன்ல, வாங்கித் தர்றேன்" என்று அண்ணன் மார்தட்டினான். மார்தட்டக் காசா பணமா?

"தோல் ஜாக்கெட் பக்கமே போகாதீங்க சார்," என்றார் கடைக்காரர். அவசரமே தெரியாத மனிதர். "தினம் டவுன்ல ஓட்டறதுக்குத் துணி ஜாக்கெட்தான் சரி. காத்து வரும், மழைக்கு உள்ள லைனிங் மாட்டிக்கலாம், விலையும் கையைக் கடிக்காது."

அண்ணனுக்கும் தங்கைக்குமாக ஒரே மாடலில் இரண்டு அளவுகள் எடுத்துப் போட்டார். "நின்னுக்கிட்டே போட்டுப் பார்த்து ஏமாந்துடாதீங்க. வண்டில உக்காந்தா கை மேல ஏறிக்கும், அடி தாங்கற முழங்கைப் பேடு இடம் மாறிடும். அதோ, அதுல உக்காந்து பாருங்க."

மூலையில், எஞ்சின் கழற்றிய ஒரு பழைய பைக்கை இரும்புச் சட்டத்தில் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். வாலுதான் முதலில் ஏறினாள். ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள், முழங்கையை மடக்கிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

"ஏண்ணா, நான் சாம்பிள் கொண்டு போறேனா, நிலாவுக்குப் போறேனா?" என்று சிரித்துவிட்டு, கையுறை பார்க்க அந்தப் பக்கம் போனாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம் சார். இந்த விலைக்குத் தோள்லயும் முழங்கைலயும் நல்ல பேடுதான் வெச்சிருக்கான். முதுகுப் பாக்கெட்ல மட்டும் வெறும் ஸ்பாஞ்ச். சும்மா இடத்தை அடைக்க. விழுந்தா தாங்காது. நிஜ பேடு தனியா வாங்கித்தான் சொருகணும். என்கிட்ட இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. யாரோடதுல போடட்டும்?"

நல்ல அண்ணனாக இருந்திருந்தால் இதற்கு யோசனையே தேவைப்பட்டிருக்காது. இவன் யோசித்தான். ரோட்டிலேயே கிடக்கிறவன் நான்தானே என்று தனக்குத்தானே வக்கீலும் ஆனான்.

"எனக்கே போடுங்க," என்று கிசுகிசுத்தான். "டவுனுக்குள்ள ஓட்டறவதானே, அவளுக்கு இது போதும். அவகிட்ட சொல்லிக்க வேண்டாம்."

 கடைக்காரர் அவன் ஜாக்கெட்டில் பேடைச் சொருகிக் கொடுத்துவிட்டு பில் போடப் போனார்.

அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அந்த பைக்கில் ஏறினான். தோள் சரியாக உட்கார்ந்தது. முழங்கை நகரவில்லை. முதுகில் பேடு பாந்தமாகப் பொருந்தியது. கொடுத்த காசு வீணில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பின்சீட் அமுங்கியது.

"இறங்கு வாலு, விளையாடாதே," என்றான்.

வாலு கடையின் அந்தக் கோடியில், கையுறையை மாட்டி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மேசையில் குனிந்திருந்தார்.

தார் வாசனை மூக்கில் ஏறியது.

யாரோ அவன் முதுகைத் தொட்டார்கள். பேடு இருக்கும் இடத்தில் விரல்முட்டியால் மெதுவாகத் தட்டினார்கள். ஒருமுறை. இன்னொருமுறை.

"கெட்டியா இருக்கு," என்றது ஒரு பெண்ணின் குரல். ஏக்கமான குரல்.

அவன் திரும்பிப் பார்க்காமல் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் போதும்னுதான் சொன்னாங்க."

சீட் மெல்ல எழும்பியது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட வெட்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. யார் காதிலும் விழாது என்று நினைத்துத்தானே அதைச் சொன்னான்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவனுக்கு அதை யாரோ தட்டியே காட்டிவிட்டார்கள்.

"இந்த வண்டி யாரோடது?"

"பழைய இரும்புக் கடைல எடுத்தது சார். ஓட்டுனது யாருன்னு நான் கேட்டுக்கல," என்ற கடைக்காரர், அவன் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் தன் பேடை உருவி எடுத்து வாலுவிடம் போனான். "இதை உன்னோடதுல வெச்சுக்க. முதுகுல வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்ணா. நீ பேசினது கேட்டுச்சு," என்றாள் வாலு. குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நாள் பூரா சுத்தறவன் நீதானே, உனக்கே இருக்கட்டும்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. அவள் முகத்தைப் பார்க்காமலே அவள் ஜாக்கெட்டிலிருந்த ஸ்பாஞ்சை உருவித் தன் முதுகுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பேடை அவளுடையதில் திணித்தான்.

வீட்டில் அம்மா இரண்டு பேர் முதுகையும் தடவிப் பார்த்தாள். வாலு கடையில் நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. "தனக்கு இல்லேன்னாலும் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கான் பாரு. அண்ணன்னா இப்படி இருக்கணும்," என்றாள் அம்மா. அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலை ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தபோது கனத்தது. முதுகுப் பாக்கெட்டைத் திறந்தான்.

பொடிக் கற்கள் கொட்டின. தார் ஒட்டிய, சூடு ஆறாத கற்கள்.

ஸ்பாஞ்சை உருவினான். நேற்று வாங்கிய ஸ்பாஞ்ச், தரையோடு தரையாக வெகுதூரம் இழுபட்டதுபோல் தேய்ந்து, நடுவில் ஓட்டையாகியிருந்தது. அவன் எங்கேயும் விழவில்லை. ஜாக்கெட்டின் வெளித்துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

யாருக்காக வைத்திருந்த ஸ்பாஞ்ச் அது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

வாசலில் வாலு ஹாரன் அடித்தாள். "அண்ணா, நேரமாச்சு. ஜாக்கெட் போட்டியா?"

"போட்டுட்டேன்," என்று பொய் சொல்லிவிட்டு, அவசரமாகக் கைகளை நுழைத்தான்.  கொஞ்சம் நிதானம் வரட்டும் என்று கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான்.

ஜாக்கெட்டின் கீழ்முனையில் ஜிப் கோத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அது ஏற ஆரம்பித்தது. இடுப்பு, வயிறு, நெஞ்சு என்று நிதானமாக ஏறி, கழுத்துக்கு வந்து நின்றது. அவன் கைகள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.