இயந்திரங்களுக்கு மட்டும்

வெண்திடலில் கதவுகள்தான் முதலில் நலம் விசாரிக்கும். நிலவின் தரைக்கடியில் தோண்டிய அந்தக் குடியிருப்பில், ஒவ்வொருவர் கழுத்தெலும்புக்குக் கீழேயும் நெல் அளவில் ஓர் உடல்மணி புதைத்திருந்தார்கள். கிட்டே போனால் கதவு அதைப் படித்துவிடும். ரித்திக்குக்கு லேசாக மூக்கடைத்தால்கூடப் போதும், "வருந்துகிறோம். வெந்நீர் அருந்துங்கள்" என்று சொல்லிக் கோப்பையையும் நீட்டும்.

அவன் மனைவி தன்விகாவிடம் மட்டும் வேறு பேச்சு. அவளுக்கு மாதவிடாய் நிற்கும் பருவம். நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்தில் ஏறும். வியர்த்துக் கொட்டும். பிறகு உடம்பு வெடவெடக்கும். அப்போதெல்லாம் கதவு சொல்லும்: "இது சகஜம். பொறுத்துக்கொள்ளுங்கள்."

அதைத் திட்டி என்ன பயன்? பூமியின் மருத்துவமனைகள் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குச் சொல்லிவந்த பதில்களைப் படித்துத்தான் அது வைத்தியம் கற்றிருந்தது.

ஆனால் அவள் வேலை பார்த்த காற்றுச் சுத்திகரிப்புக் கூடத்தின் கதவுக்கு இந்தச் சமாதானம் புரியாது. உடம்பு சூடாக இருந்தால் காய்ச்சல். காய்ச்சல் என்றால் உள்ளே விடாது. ஏற்கெனவே பலமுறை மூடிக்கொண்டுவிட்டது. இன்னொரு முறை மூடினால் வேலை போகும். வேலையில்லாதவர்களுக்கு வெண்திடலில் காற்று கிடையாது; பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். கணவனும் மகளும் இங்கே, அவள் மட்டும் அங்கே. அதை நினைத்தாலே இன்னொரு அனல் கிளம்பியது.

பசுமைக்கூடத்தில் புதினாவும் சோற்றுக்கற்றாழையும் வெட்டிவேரும் இருந்தன. அவற்றை எண்ணெயில் குழைத்துக் களிம்பு செய்தாள். பிடரியில் தடவினால் குளுகுளுவென்று இருந்தது. எதையும் அது தீர்த்துவிடவில்லை. கதவைத் தாண்டும்வரை தாங்கியது, அவ்வளவுதான். அந்த வாசனையே அவளைக் காட்டிக்கொடுத்தது.

"சோதிக்காத மருந்தை யாரும் தடவக் கூடாதும்மா" என்று டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார் டாக்டர் இனியன்.

"அப்ப சோதிச்சுப் பாருங்க டாக்டர்."

"வியாதிக்குத்தானே சோதனை? உங்களுக்குத்தான் வியாதியே இல்லையே. எங்க வீட்லயும் இதே புலம்பல்தான். ரெண்டு மூணு வருஷத்துல சரியாயிடும்."

அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் தன்விகாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் ராசு விழுந்தான். ராசு அவளோடு குழாய் பார்க்கும் இயந்திரன். வலியும் சூடும் தெரியும்படி அவனுக்குப் புதிதாக உணர்தோல் போர்த்தியிருந்தார்கள். எல்லா இயந்திரங்களையும்போல, வேலை முடிந்தால் நடைபாதையில் நிற்பான். வீடுகளுக்குள் இயந்திரங்கள் வரக் கூடாது என்பது குடியிருப்பின் சட்டம்.

"தன்விகாக்கா, நெஞ்சுக்குள்ள எரியுதுக்கா" என்று அவன் சுருண்டதும் வெண்திடலே பதறியது. பொறியாளர்கள் ஓடிவந்தார்கள். உடனடி ஓய்வு, அவசரக் கூட்டம், விசாரணைக் குழு! தன்விகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரிந்த துடிப்பு. ஒளித்து வைத்திருந்த மிச்சக் களிம்பை எடுத்து அவன் பிடரியில் தடவினாள். ராசு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

களிம்பை உடனே சோதித்தார்கள், அங்கீகரித்தார்கள், டப்பாக்களில் அடைத்துக் கதவுகளுக்குள் வைத்தார்கள். மேலே அச்சிட்டிருந்தது: இயந்திரங்களுக்கு மட்டும்.

மறுநாள் கூடத்து வாசலில் அவளுக்கு அனல் ஏறியது. கதவு மூடப் போகும் சமயம் ராசு குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, உங்களை என் கூட்டு இயந்திரம்னு பதிஞ்சிடவா?"

"பொய் சொல்லச் சொல்றியாடா?"

"கதவு கேக்கறது ஒண்ணுதான்கா. சூடானது ஆளா, இயந்திரமா? ஆள்னா சகஜம். இயந்திரம்னா அவசரம்."

அவள் சரியென்று தலையசைத்தாள். ராசு பதிந்தான். கதவு அகலத் திறந்தது. குளிர்காற்று வீசியது. களிம்பு டப்பா வெளியே வந்தது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். சற்று ஓய்வெடுங்கள்" என்றது கதவு. இத்தனை காலத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்து அழுதாள்.

வேலை தப்பியது. மாலையில் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். வீட்டுக் கதவு அவளைப் படித்தது. "இயந்திரங்கள் வெளியே நிற்கவும்."

ரித்திக் உள்ளிருந்து கதவைத் தட்டினான், கத்தினான், இனியனை அழைத்து முறையிட்டான். பதிவை மாற்றலாம், ஆனால் மாற்றினால் நாளைக்குக் கூடத்துக் கதவு மூடிக்கொள்ளும் என்று பதில் வந்தது. இந்தச் சில வருஷங்கள் கழியும்வரை நடைபாதைதான் என்று தன்விகாவுக்குப் புரிந்தது.

ராசு அவளோடு நிறுத்திக்கொள்ளவில்லை; அனல் ஏறிய மற்றப் பெண்களையும் இயந்திரங்களாகப் பதிந்தான். சீக்கிரமே நடைபாதையில் பாய்கள் கூடின. ஒருநாள் இனியனின் மனைவியும் தலையணையோடு வந்து சேர்ந்தாள். பெண்களை ஒதுக்கி உட்காரவைக்கும் வழக்கத்தைப் பூமியிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பெருமையடித்துக்கொண்ட ஊர் அது.

ரித்திக்கின் கோபமும் நாளாக ஆகத் தணிந்துபோனது. கதவு இடுக்கு வழியாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான்.

"சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வெளியவே வச்சிடு, தன்வி."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சகஜமாகத்தான் சொன்னான்.