கோட்டைச்சாமியின் நூறு வயதுப் புளி

1948, மாசி மாதம். காலை ஏழு மணி. மகள் வீட்டிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பிய சங்கரம்மாள் தன் பருத்திக் காட்டுக்குள் கால் வைத்தாள். புளியமரத்தைக் காணோம். அது நின்ற வாய்க்கால் கரையில் ஒரு குழி. குழி நிறைய, தூரையும் வேரையும் எரித்த சாம்பல்.

அவள் அழவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்தில்தான் அவள் புருஷன் மொக்கையன் தூக்குப் போட்டுக்கொண்டான். பொதுக் கிணற்றிலிருந்து அவன் பருத்திக்கு ஓடிய வாய்க்காலைப் பண்ணையார் கோட்டைச்சாமி அடைத்துவிட்டார் என்று ஊர் முணுமுணுத்தது. விசாரணையில் பண்ணையார், "பஞ்சம், கிணறே வத்திப்போச்சு" என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து போவோர் வருவோரிடமெல்லாம் மரத்தைக் காட்டிக் கதை சொல்லிவந்தாள் சங்கரம்மாள். ஜில்லா போர்டுத் தலைவராகத் துடிக்கும் மனிதருக்கு அது நல்ல விளம்பரமாகுமா?

"வெட்டுனவன் திருச்சுழி கடைத்தெருவுல நடந்து வரணும்யா. நான் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள், சப்-இன்ஸ்பெக்டர் ஞானராஜிடம்.

ஞானராஜுக்கும் உள்ளே ஒரு கங்கு கிடந்தது. போன மாதம் பண்ணை வீட்டு விருந்தில், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று அவருக்கு மட்டும் மாட்டுத்தொழுவில் இலை போட்டார்கள். போலீசுக்கு வருமுன் காட்டிலாகாவில் இருந்தவர் அவர். காத்திருக்கத் தெரியும்.

பத்து மணி. பண்ணை வீட்டு முற்றத்தில் ஒரு புளிய அடிமரம் கிடந்தது. பக்கத்தில் வெட்டிப்போட்ட ஒரு வேம்பு.

"புளி நம்ம மேட்டுக்காட்டுல நின்னது. வெட்டுன குழியக்கூடப் பாக்கலாம்" என்றார் கோட்டைச்சாமி. "கலெக்டர் வந்தா உக்கார நாற்காலி செய்யணும்ல? தாத்தா நட்ட மரம். நூறு வயசு! பருமனப் பாத்தாலே தெரியலையா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மரம் பெருக்காத பூமி. பருத்த மரமென்றால் கிழட்டு மரம் என்பது ஊர்க் கணக்கு.

"மேட்டுக்காட்டுக்குக் கிணத்துப் பாசனம் உண்டா?" என்று கேட்டார் ஞானராஜ்.

"வானம் பாத்த பூமி. ஒரு சொட்டு பாஞ்சதில்ல."

"இந்த வேம்பு?"

"பொதுக் கிணத்தடியில நின்னது. போன வாரம் வெட்டுனோம்."

"எழுதிக்கிடவா?"

"தாராளமா!" கையெழுத்து கால் பக்கத்தை அடைத்தது.

ஞானராஜ் அடிமரத்தின் வெட்டுமுகத்தை இழைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்தார். வளையங்கள் துலங்கின.

"மழைக்கு மரம் பெருக்கும். வறண்ட மாசத்துல நின்னுரும். நின்ன எடத்துல ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு ஒரு வருஷம். எண்ணிப் பாத்தேன், இருபத்திநாலு."

"எங்க கல்யாணத்துக்கு மறுவருசம் வச்சது" என்றாள் சங்கரம்மாள்.

பண்ணையார் அசரவில்லை. "நம்ம பக்கம் கோடை மழை ஒண்ணு, ஐப்பசி மழை ஒண்ணு. வருசத்துக்கு ரெண்டு வளையம் விழும் இன்ஸ்பெக்டரே! படிச்சிருந்தாத் தெரியும்."

"அப்ப மரத்துக்குப் பன்னெண்டு வயசுதான். உங்க தாத்தா எப்ப எந்திரிச்சு வந்து நட்டாரு?"

வைக்கோற்போருக்குப் பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

"வயசு கெடக்கட்டும். உள் வளையமெல்லாம் விரல்கடை அகலம், ஒரே சீரா இருக்கு. வானத்த நம்புன மரம் ஒரு வருஷம் கொழுக்கும், ஒரு வருஷம் மெலியும். இது வருஷம் தவறாம வாய்க்கால் தண்ணி குடிச்ச மரம். அதான் சின்ன வயசுலேயே இந்தப் பருமன். மேட்டுக்காட்டுல வாய்க்காலே இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீக. கடைசி அஞ்சு வளையத்தப் பாருங்க, நூலு மாதிரி."

"அதான் பஞ்சம்னு அன்னைக்கே சொன்னேன்ல!" பண்ணையார் முந்திக்கொண்டார்.

கிணறு வற்றி மெலிந்த புளி என்றால் அது மொக்கையன் புளிதான் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஞானராஜ் வேம்பின் முகத்தை நனைத்தார். கடைசி அஞ்சு வளையமும் கொழுகொழுவென்று இருந்தன.

"கிணத்தடி வேம்பு ஊறிக் கொழுத்திருக்கு. பஞ்சம் மொக்கையன் மரத்துக்கு மட்டுமா வழி கேட்டு வந்துச்சு? கிணறு வத்தல, வாய்க்கால்தான் அடைபட்டிருக்கு. மரத்தத் திருடுனது நீங்க. செத்தவன் விசாரணையில பொய்ச் சத்தியம் பண்ணுனதும் நீங்கதான் கோட்டைச்சாமி."

பேருக்குப் பின்னால் 'ஐயா' இல்லாதது பண்ணையாருக்கு விலங்கைவிட வலித்தது. ஸ்டேஷனுக்குப் போக வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்.

"நடந்தே போவோம்" என்றார் ஞானராஜ்.

நடுப்பகல். திருச்சுழிக் கடைத்தெரு முனையில் கோட்டைச்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பின்னாலேயே வந்த சங்கரம்மாள் எட்டிப் பிடித்து அதை உருவினாள்.

"யாரு போறாகன்னு தெரிய வேணாமா மொதலாளி?"