மூன்று மணிக்குக் குறைந்த மின்சாரம்

செவ்வாய்க்கிழமை, மதியம் 1.40. கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் புனிதா துணிகளை வாஷிங் மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது கணவன் விமலன் போனில் கூப்பிட்டான்.

"மூணு மணிக்குள்ள முடிச்சிடு லா. மூணுலேர்ந்து நாலு வரைக்கும் கரண்டைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"நான் ஒருத்தி துவைக்கலைன்னா கேஎல் முழுக்க ஏர்கான் ஓடுமா?"

"உன் பழைய மெஷின் ஒண்ணு போதும், பாதி ஊரை இருட்டாக்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

மாலை 4.30. கிள்ளானில் அவன் வேலை பார்த்த மீன் குளிர்கிடங்கின் பின்புறம், பேட்டரிகள் அடுக்கிய இரும்புக் கன்டெய்னருக்குள் விமலன் இறந்து கிடந்தான். வீங்கிய பேட்டரி ஒன்று கக்கிய புகை அவனை மூச்சடைத்துக் கொன்றிருந்தது. கன்டெய்னரின் வெளித்தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது.

புதன்கிழமை காவலாளி நிஜாமைப் பிடித்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்து நான்கே மாதம். தினமும் 2.30க்குச் சுற்றிவந்து எல்லாக் கதவையும் தாழ்போடுவது அவன் வேலை. "அன்னிக்கு நான் போறப்பவே தாழ் போட்டிருந்துச்சு" என்றான். யாரும் நம்பவில்லை. திங்கட்கிழமை கோர்ட்.

வெள்ளிக்கிழமை காலை 10.15. துக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டை நிறைத்திருந்தார்கள். ஜன்னலோரம்கூட யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கணவனின் பொருள்களை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புனிதா கிள்ளானுக்குக் கிளம்பினாள். இரண்டு நாளாக அவளைத் தின்றது ஒரே கேள்விதான்: நிஜாம் பொய் சொல்கிறானா? தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு" என்று கூச்சத்தோடு கேட்ட பையன் அவன்.

கிடங்கு ஆபீசில் இன்ஸ்பெக்டர் வேலாயுதம் பிளாஸ்டிக் பையை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. இந்த மீனுக்குக் கிடைக்கிற குளிர் என் ஸ்டேஷன்ல இல்ல."

பைக்குள் கைக்கடிகாரம், ஒரு சாவி, அறுக்கப்பட்ட சிவப்புப் பூட்டு.

"இதை யார் அறுத்தது?"

"தீயணைப்புக்காரங்க, அஞ்சு மணிக்கு. கன்டெய்னர் கதவுக்குப் பக்கத்துல மெயின் சுவிட்சுல தொங்குச்சு. சாவி அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு."

புனிதாவுக்கு அந்தப் பூட்டைத் தெரியும். உள்ளே போகிறவன் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டை மாட்டுவான். அவனே வெளியே வந்து எடுக்கும்வரை பேட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரம் வெளியே வராது. அந்தத் தொழிலில் அதை யாரும் மீறுவதில்லை.

மேனேஜர் பழனியப்பன் அவளுக்குச் சூடாக ஒரு கப் மைலோ கொண்டுவந்து வைத்தார். "உன் புருஷன் வேலை தங்கம் மாதிரி, தங்கச்சி. அன்னிக்குக்கூட மூணுலேர்ந்து நாலு வரைக்கும் நாம சொன்ன அளவு அப்படியே குறைச்சுக் கொடுத்தோம். நன்றி சொல்லி லெட்டர் வந்திருக்கு. எல்லாம் அவன் வச்ச பேட்டரி."

மின்வலை திணறும் நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்வதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் சந்தை ஒன்று உண்டு. கிடங்கு அதில் சேர்ந்திருந்தது. குறைக்கச் சொல்லி அழைப்பு வந்ததும் குளிரூட்டும் கம்ப்ரஸர்கள் பேட்டரியில் ஓடும், மீன் உருகாது, ஊருக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். இதை விமலன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம்.

அவள் மைலோவைத் தொடவில்லை.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கண்ணே?"

"ஸ்ரீ கெம்பாங்கான்ல, ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க. ஒரு மணிக்குப் போனேன், நாலரைக்கு வந்தேன். நான்தானே கதவைத் திறந்தேன்."

"கம்ப்ரஸரைக் கையால நிறுத்தணும்னா?"

"பேனல் ரூம் சாவி வேணும்."

"யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும். எதுக்குக் கேக்குறே?"

புனிதா எழுந்து சுவரருகே போனாள். குளிரறையின் வெப்பநிலையைப் பேனா வரையும் வட்டத்தாள்கள், நாளுக்கொன்றாக ஆணியில் கோக்கப்பட்டிருந்தன. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்காக ஒன்பது வருடமாக அவள் தினமும் படிப்பது இதே மாதிரித் தாள்களைத்தான். செவ்வாய்க்கிழமைத் தாளை உருவினாள்.

"சார், பேட்டரி பூட்டிக் கிடந்துச்சு. அஞ்சு மணி வரைக்கும் பூட்டு அறுபடல. ஆனா மூணு மணிக்குச் சொன்ன அளவு குறைஞ்சிருக்கு. எங்கேர்ந்து குறைஞ்சுச்சு?"

வேலாயுதம் தாளை வாங்கினார். சீராக ஓடிய கோடு ஓரிடத்தில் மேலே ஏறி, பிறகு இறங்கியிருந்தது.

"கம்ப்ரஸரை நிறுத்தியிருக்காங்க. கோடு ஏற ஆரம்பிச்ச நேரத்தைப் பாருங்க."

"மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு."

"நிறுத்தின உடனே ஏறாது சார். அதுக்கும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அழைப்பு தொடங்கறதுக்கு முன்னாலேயே பேட்டரி வராதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. பூட்டைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். பூட்டு என்ன சொல்லுதுன்னு நிஜாமுக்குத் தெரியாது, அவன்கிட்ட பேனல் சாவியும் இல்ல." திரும்பினாள். "நீங்க இங்கதான் இருந்தீங்க, அண்ணே. உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சேதான் தாழ் போட்டீங்க."

பழனியப்பன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "துக்கத்துல ஏதோ பேசுது..."

"ஸ்ரீ கெம்பாங்கான்ல யாரைப் பார்த்தீங்க?" என்றார் வேலாயுதம். "பேர் சொல்லுங்க. இப்பவே கூப்பிடலாம்."

பேர் வரவில்லை. பழனியப்பன் நாற்காலியில் சரிந்தார்.

"பேட்டரி வீங்கிருச்சு, இன்னிக்கு விலகிக்கிறோம்னு சொல்லிடப்போறேன்னான். ரெண்டு தடவை ஏற்கெனவே விலகிட்டோம். மூணாவது தடவைன்னா திட்டத்துலேர்ந்தே நம்மளைத் தூக்கிடுவாங்க. கடைசியா ஒருதடவை பார்த்துட்டு வந்து போன் பண்றேன்னு உள்ளே போனான். அந்த இரும்புக்குள்ள போன் எடுக்காது. நாலு மணி வரைக்கும்... ஒரு மணி நேரம்தானேன்னு நினைச்சேன். சாகணும்னு நினைக்கல தங்கச்சி."

"நாலு மணிக்குத் திறந்தீங்களா?"

ஆமென்று தலையசைத்தார். மறுபடி தாழைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து அப்போதுதான் வந்தவர்போல ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்.

"அவர் கதவைத் தட்டினாரா?"

"கேட்கல. கம்ப்ரஸர் சத்தத்துல..."

"அதைத்தான் நீங்க நிறுத்திட்டீங்களே" என்றாள் புனிதா.

அந்த ஒரு மணி நேரம் பின்முற்றம் முழுவதும் அமைதியாக இருந்திருக்கிறது. முன் கேட்டில் லோரிகளுக்கு நடுவே நின்ற நிஜாமுக்கு மட்டும்தான் எதுவும் கேட்டிருக்காது.

அன்று மாலை நிஜாமை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்ததும், "அக்கா, அன்னிக்கு ஒரு தடவை தாழைத் திறந்து பார்த்திருக்கணும்" என்று அழுதான்.

இரண்டு மாதம் கழித்து, விமலனின் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனாள். புது மேனேஜர், புது பேட்டரிகள், கன்டெய்னருக்குப் பச்சை பெயின்ட். கதவு திறந்திருந்தது. அவள் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். மழமழவென்ற இரும்புத்தகடு. இப்போதும் உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி இல்லை.