அக்கரை உடையாத ஆண்டு

நன்னிலம் சாலையை விட்டு ஆட்டோ உள்ளே திரும்பியபோது மழை ஓய்ந்திருந்தது. நடவு முடிந்த சம்பா வயல்களில் வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. செம்மொழி ஒரு கையால் களிமண் மூட்டையையும் மறு கையால் பகடை டப்பாவையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரையை ஒட்டிய பெரிய வீட்டின் வாசலில் பரணிதரன் குடையோடு நின்றிருந்தான்.

"யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. அப்பா சிங்கப்பூர்லேர்ந்து வந்தாத்தான் இந்த வீட்டையே திறப்போம்" என்றான்.

உள்ளே பூட்டிக் கிடந்த நெல்லின் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. இப்போதுதான் வெட்டிப் போட்ட ஈர மண்ணின் வாடை.

"ஆறு பக்கத்துல இருக்குல்ல" என்றான் பரணி, அவள் கேட்பதற்கு முன்பே.

இருவரும் சென்னையில் ஒரே அலுவலகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்ப்ளே விளையாட்டுதான் அவர்களைச் சேர்த்தது. ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் அந்த உலகத்து மனிதர்களாகவே பேசுவார்கள். சிக்கல் வந்தால் பகடை முடிவு சொல்லும். அடுத்த ஆட்டத்துக்குச் செம்மொழி ஒரு மாற்றுச் சரித்திரத்தை யோசித்திருந்தாள். நடந்த வரலாற்றில் ஒரே ஓர் இடத்தை மாற்ற வேண்டும். அதிலிருந்து ஒரு புது உலகம் முளைக்க வேண்டும். அதைத் தயார்செய்யத்தான் பரணியின் ஊர் வீட்டில் சில நாள் தங்க வந்திருந்தாள்.

அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தவர் அப்பா மருதையன். அவருடைய முன்னோர் இந்த ஆற்றின் அக்கரையில் குடிசை போட்டிருந்த பண்ணையாட்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பெருவெள்ளத்தில் அக்கரை உடைந்தது. குடியிருப்பு போயிற்று. பிழைத்தவர்கள் சிதறினார்கள்.

அவளுடைய உலகத்தில் அக்கரை உடையாது. அந்தக் குடிகள் வாய்க்கால் சபை ஒன்றை அமைப்பார்கள். மதகுச் சாவி அவர்கள் கைக்கு வரும். அவர்கள் பேரன்மார் நாகப்பட்டினத்திலிருந்து சொந்தக் கப்பல் விடுவார்கள்.

"நல்லாருக்கு. ஆனா அந்தத் தண்ணி எங்கயாவது போயாகணுமே" என்றான் பரணி.

"இக்கரை உடையும்."

"அதாவது இந்த வீடு."

"ஆட்டத்துலதானே பரணி."

அவன் சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை.

கூடத்து மேசையில் அவள் களிமண்ணால் ஆற்றைச் செய்தாள். இரு கரைகள், மதகு, குடிசைகள். சமையலுக்கு ஏற்பாடு செய்திருந்த மலர்க்கொடி அடுத்த தெருவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாள். சமையல்கட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், அக்கரை அறுந்திருந்தது.

காய்ந்து வெடித்ததாகத் தெரியவில்லை. வெட்டப்பட்டிருந்தது. விளிம்பு நேராக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அதை அடைத்தாள். மறுநாள் மதியமும் அதே இடம், அதே வெட்டு. பரணி அப்போதுதான் உறங்கி எழுந்தவன்போல் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவன் நகக்கண்களில் மண் இருந்தது.

"எங்க போயிருந்தே?"

"தூங்கிட்டிருந்தேன். ஏன்?"

அவள் மறுபடியும் வெட்டை அடைத்தாள். வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறானா? ஒரு விளையாட்டில்கூட அவன் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாதா? சாப்பிடும்போது அவன் விரல்களையே பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செம்மொழி, நீ இந்தக் கதைய எடுத்தது சும்மாவா? இல்ல, ஏதாவது தெரிஞ்சுகிட்டுத்தான் வந்தியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரிய என்ன இருக்கு?"

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அடுத்த நாள் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மறுபடியும் மழை பிடித்தது. நடுப்பகலே அந்திபோல் இருண்டது. மாடி வராந்தாவில் பரணி அவள் கண்ணெதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே சத்தம் கேட்டது.

சதக்.

ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கும் சத்தம்.

சதக்.

பரணி தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் போனில் நகர்ந்துகொண்டிருந்த அவன் விரல் நின்றுவிட்டது.

அவள் இறங்கி ஓடிப் பூட்டைத் திறந்தாள். அக்கரை வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின் ஓரத்தில் கிடந்தது அவள் சென்னையிலிருந்து கொண்டுவந்த களிமண் இல்லை. கறுத்த வண்டல். அதில் கோரைப்புல் வேர் ஒட்டியிருந்தது.

பாத்திரம் எடுக்க வந்த மலர்க்கொடி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேசையைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கும்மா இதையெல்லாம் செஞ்சு வைக்கிறீங்க?"

"அக்கரை உடைஞ்ச கதைங்க."

"உடைஞ்சதா?" அவள் மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வெட்டுனது. இந்தக் கரை தாங்காதுன்னு அப்ப இந்த வீட்ல இருந்த பெரியவரு அக்கரைய வெட்டச் சொன்னாரு. வெட்டுனது ஐயாவுன்னு ஒரு ஆளு. அவரு குடிசையும் அங்கதான் இருந்திச்சு. புள்ளைங்க தூங்கிக்கிட்டிருந்துச்சுங்க."

செம்மொழி திரும்பினாள். மாடிப்படியில் பரணி நின்றுகொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம்." அவன் வந்து மேசையருகே உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஆனா இத நான் வெட்டல. சத்தியமா. தூங்கி எழுந்தா கையில மண்ணு இருக்கு, அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. மலர்க்கொடி பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"அப்போ ஆடிப் பாத்துடுவோம். நீ பெரியவர். நான் ஐயாவு. நான் கேப்பேன், நீ வேண்டாம்னு சொல்லு. ஒரு வார்த்தை. அதோட இந்த உலகத்துல அது நடக்கல" என்றாள் செம்மொழி.

பரணி தலையாட்டினான். அவன் அதை மனதாரச் சொல்ல விரும்பினான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். "தண்ணி ஏறுதுங்கய்யா. என்ன செய்யட்டும்?"

பரணி வாயைத் திறந்தான்.

மழைச் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அவன் உதடு 'வே' என்று தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. பிறகு அந்த முகத்திலிருந்து பரணி போய்விட்டான். முதுகு நிமிர்ந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஐந்து விரலும் அகலமாக விரிந்தன.

"வெட்டுடா."

கிழட்டுக் குரல். உரக்கக்கூட இல்லை. காலமெல்லாம் சொன்னதும் நடந்து பழகிய குரல்.

அவள் உள்ளங்கைக்குள் வழவழத்த மரக்காம்பு ஒன்று வந்து பொருந்தியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அதன் கனம் தோளை இழுத்தது. அவள் நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. வாழ்நாளில் அவள் யாரிடமும் சொல்லாத சொல்.

சரிங்கய்யா.

நாக்கைக் கடித்தாள். ரத்தம் கரித்தது. அந்த வலியில் கை விடுபட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் மழையில் இறங்கி ஓடினாள். பாலத்தைத் தாண்டி அக்கரையில் கால் வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் பரணி குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான், வெறும் கையால் எதையோ வெட்டுகிறவன்போல்.

இருட்டும் நேரத்தில் அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது. 'தூங்கிட்டேன் போல. எங்க போனே?'

அதற்கப்புறம் அவர்கள் அதிகம் பேசவில்லை. அவன் வேலையை விட்டுச் சிங்கப்பூருக்கு அப்பாவிடம் போய்விட்டான். எல்லாம் அவன் நடிப்பாக இருந்திருக்குமோ என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். நடிப்பாகவே இருந்தால் தேவலை என்றும் தோன்றும்.

ஆனால் ஆட்டத்தை அவள் கைவிடவில்லை. அப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். மருதையன், "அந்த ஐயாவு ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லட்டும்மா" என்றார். களிமண் வேண்டாம், மேசையும் வேண்டாம் என்று முடிவு செய்து, சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நண்பர்களைக் கூட்டினாள். ஐயாவு வேடத்தில் ஆட ஆசைப்பட்டவள் கவிப்ரியா. வடபழனியில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவள். நன்னிலம் எந்தத் திசை என்றுகூட அறியாதவள்.

செம்மொழி ஆற்றை விவரித்தாள். மழையை விவரித்தாள். பெரியவராகப் பேசுவதற்குமுன் தண்ணீர் குடிக்க மைக்கை அணைத்தாள். திரும்பி வந்து அதை மீண்டும் திறந்தாள்.

"இப்ப ஐயாவு என்ன செய்யறார்?"

"அதான் செஞ்சிட்டேனே" என்றாள் கவிப்ரியா.

"என்ன செஞ்சே?"

"வெட்டிட்டேன். அவர் சொன்னாருல்ல. பரணியா அது? லைன்ல இருக்கறதா நீ சொல்லவே இல்லையே. வயசான குரல் நல்லா பண்றான்."

திரையில் இருந்த முகங்களைச் செம்மொழி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பரணி இல்லை. மற்றவர்கள் எதுவும் கேட்காதவர்களாக விழித்தார்கள்.

"கவி, அந்த ரூமை விட்டு வெளியே வா" என்றாள் மெதுவாக.

கவிப்ரியா அசையவில்லை. குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"செம்மொழி, என் கால் நனையுது."